காத் இலை: தடை செய்வதா, விட்டுவிடுவதா, வரம்பு கட்டுவதா?

லண்டனில் ஒரு சோமாலித் தாய், "இந்த இலையைத் தடை செய்யுங்கள், என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வரட்டும்" என்று கேட்கிறார். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஹர்கெய்சா நகரத் தெருவோரத்தில் இன்னொரு சோமாலித் தாய், அதே இலையைக் கட்டுக்கட்டாய் அடுக்கி விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார். இருவர் நிலையும் உண்மை. காத் தடை பற்றிப் பேசுகிறவர்களில் பலர், இந்த இருவரில் ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இருவரையும் பார்த்தவர்கள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிறார்கள். அப்படி நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காத் நமக்கு அதிகம் பழக்கமில்லாத இலை. கென்யாவில் மிரா, எத்தியோப்பியாவில் சாட், ஏமனில் காத். மலைப்பாங்கான இடங்களில் வளரும் மரம். அதன் குருத்து இலையையும் இளந்தண்டின் தோலையும் மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, சாற்றை மட்டும் இறக்குவார்கள். நம்மூர்ப் பெரியவர்கள் வெற்றிலை புகையிலை அதக்குவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஒரு தடவை உட்கார்ந்தால் நாலைந்து மணி நேரம் ஓடிவிடும். தூக்கம் போகும், பசி அடங்கும், பேச்சு பெருகும். இறங்கும்போது சோர்வும் எரிச்சலும் வரும், அன்று இரவு தூக்கம் வராது.

இந்த வேலையைச் செய்வது காத்தினோன் என்ற பொருள். இலையைப் பறித்த இரண்டு மூன்று நாளில் அது சிதைந்து, வீரியம் குறைந்த காத்தைனாக மாறிவிடுகிறது. அதனால் இந்த வியாபாரம் முழுவதுமே ஓட்டம்தான். கென்யாவின் மேரு மலைப்பகுதியில் பறித்த இலையை வாழை இலையில் சுற்றி, மவுவா ஊரிலிருந்து பிக்கப் வண்டிகளில் நைரோபிக்குப் பறக்க விடுகிறார்கள். அந்த வண்டிகளின் வேகமும் விபத்துகளும் அந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து வில்சன் விமான நிலையம் வழியாகச் சோமாலியாவுக்கு. ஒரு காலத்தில் லண்டனுக்கும் சரக்கு விமானங்களில் போனது. இலை வாடினால் காசு போச்சு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தடை போட்டால் என்ன ஆகிறது என்பதற்கு இந்த வாடல் ஒரு முக்கியக் காரணம்.

## எதை வைத்து எடை போடுவது

"இலை நல்லதா கெட்டதா" என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. ஒரு அரசு சட்டம் போடும்போது கேட்க வேண்டியவை என்று நான் நினைப்பது இந்த ஐந்தும்:

- மெல்லுகிறவரின் உடம்புக்கும் மனதுக்கும் என்ன ஆகிறது?
- வீட்டுக் காசும் வீட்டில் இருக்க வேண்டிய நேரமும் எங்கே போகின்றன?
- போலீசுக்கும் அந்தச் சமூகத்துக்கும் நடுவில் என்ன நடக்கும்?
- வியாபாரம் நின்றுபோகுமா, அல்லது வேறு வழியாகப் போகுமா?
- விளைவிக்கிறவர், சுமக்கிறவர், விற்கிறவர் பிழைப்பு என்ன ஆகும்?

கடைசிக் கேள்வி பெரும்பாலும் விவாதத்துக்கே வருவதில்லை, ஏனென்றால் அந்த மக்கள் தடை போடும் நாட்டில் ஓட்டுப் போடுகிறவர்கள் அல்ல. மற்ற நான்குக்கும் கொடுக்கும் எடையை நான் இதற்கும் கொடுக்கிறேன்.

உடம்பு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். காத்தினோனும் காத்தைனும் போதைப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் 1971-ம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கின்றன, இலை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2006-ல் பார்த்தபோதும் இலையைப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை. அதற்காக இலை சாதுவானது என்று அர்த்தமில்லை. ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் ஏறும். வாய், வயிறு, தூக்கம் மூன்றும் கெடும். ஏற்கெனவே மனநோய் உள்ளவருக்கு, போரில் அடிபட்டு வந்தவருக்கு, நாள் முழுக்க மெல்லுவது நிலைமையை மோசமாக்கலாம். சான்று போதவில்லை என்று குழுக்கள் சொல்வதை, தீங்கே இல்லை என்று படித்துவிடக் கூடாது.

ஒரே பார்வையில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த அட்டவணை. விவரம் கீழே.

| கேள்வி | முழுத் தடை | விட்டுவிடுவது | வரம்பு கட்டுவது |
|---|---|---|---|
| உடல்நலம் | புதிதாகப் பழகுகிறவர் குறையலாம். விடாதவர் மறைந்து மெல்லுவார் | அளவுக்குக் கேள்வி இல்லை | ஆளைக் கண்டுபிடித்து உதவ வழி உண்டு |
| வீடு | சிலர் வீடு திரும்புவார். விடாதவர் செலவு பல மடங்கு | இலை மலிவு, நேரம் பாழ் | கடை மூடும் நேரம் இருந்தால் நேரம் மிஞ்சும் |
| போலீஸ் | சோதனை, வழக்கு, குற்றப் பதிவு | உரசல் இல்லை | கடைக்காரர் மீதுதான் கண் |
| வியாபாரம் | கடத்தலுக்கு மாறும் | வெளிப்படை | பாதி வெளிப்படை, பாதி ஏய்ப்பு |
| விளைவிப்பவர் | முழு அடி | வருமானம், கூடவே ஒற்றைப் பயிர் ஆபத்து | குறைந்த வருமானம், ஆனால் நிலையானது |

## முழுத் தடை

இதற்குத் தெளிவான உதாரணம் பிரிட்டன். அங்கே 2014 ஜூன் 24 வரை காத் இலை காய்கறி மாதிரி இறங்கியது. 2011-12-ல் மட்டும் 2,560 டன். மதிப்பு 1.38 கோடி பவுண்டு. அரசுக்கு வரியாக 28 லட்சம் பவுண்டு. சோமாலி, ஏமனி, எத்தியோப்பிய ஆண்கள் மஃப்ரிஷ் எனப்படும் மெல்லும் கூடங்களில் உட்கார்ந்து, கட்டு சில பவுண்டுக்கு வாங்கி, ஊர்க் கதை பேசினார்கள்.

தடை கேட்டவர்களில் சோமாலிகளே முன்னால் நின்றார்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் இந்தப் பழக்கத்தில் கிடந்து மீண்ட அபுகர் அவாலே வருடக்கணக்கில் பிரசாரம் செய்தார். பெண்கள் மேடை ஏறிப் பேசினார்கள். கணவன் மாலையில் போனால் விடியற்காலையில் வருகிறான், பகலெல்லாம் தூங்குகிறான், வேலைக்கும் போவதில்லை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பக்கமும் போவதில்லை என்றார்கள். அந்தப் பெண்களின் குரலை "அறிவியல் சான்று இல்லை" என்று தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு வீடு எப்படி நடக்கிறது என்பதற்கு அந்த வீட்டுப் பெண்ணைவிடப் பெரிய சாட்சி யார்?

ஆனால் அரசின் சொந்த ஆலோசனைக் குழு, போதைப் பொருள் தவறான பயன்பாடு பற்றிய குழு, 2005-லும் 2013 ஜனவரியிலும் தடை வேண்டாம் என்றுதான் சொன்னது. தீங்குகள் சட்டத் தடைக்குப் போதுமானவை அல்ல, உள்ளூர் உதவிகளைக் கூட்டுங்கள் என்றது. நாடாளுமன்றத்தின் உள்துறைக் குழுவும் 2013 நவம்பரில் தடையை எதிர்த்தது. உள்துறை அமைச்சர் தெரசா மே அந்த ஆண்டு ஜூலையிலேயே தடையை அறிவித்துவிட்டிருந்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, பக்கத்து நாடுகள் எல்லாம் தடை செய்துவிட்டன, பிரிட்டன் கடத்தல் மையமாகிவிடும் என்பது.

அந்தப் பயத்துக்கு அடிப்படை இருந்தது. அதற்கு முன் அந்த மையமாக இருந்தது நெதர்லாந்து. ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்கிய இலை, பக்கத்து ஊரான அய்ட்ஹோர்னில் கைமாறி, கார்களில் ஜெர்மனிக்கும் ஸ்காண்டிநேவியாவுக்கும் போனது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது பெரிய தொல்லை. 2013 ஜனவரியில் நெதர்லாந்து தடை போட்டதும் அந்தப் பாரம் லண்டன் பக்கம் சாய்ந்தது. ஆக, ஒவ்வொரு நாட்டின் தடையும் பக்கத்து நாட்டின் தடைக்குக் காரணமாகிறது. இலையைப் பற்றிய முடிவைவிட எல்லையைப் பற்றிய முடிவுதான் முந்திக்கொள்கிறது.

பிரிட்டனின் சட்டப்படி முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை 60 பவுண்டு அபராதம், மூன்றாம் முறை கைது. வைத்திருந்தால் 2 ஆண்டு வரை, விற்றால் 14 ஆண்டு வரை சிறை. கேட்க மென்மையாகத்தான் தெரிகிறது. ஆனால் அகதியாக வந்து குடியுரிமைக்குக் காத்திருக்கிற ஒருவருக்குக் குற்றப் பதிவு என்றால் என்ன என்று யோசியுங்கள். கன்னத்தில் ஒதுக்கிய ஒரு பிடி இலை, நன்னடத்தை பார்க்கும் விண்ணப்பத்தில் வந்து நிற்கும். கறுப்பின இளைஞர்களைத் தெருவில் நிறுத்திச் சோதிப்பது ஏற்கெனவே புண்ணாக இருக்கிற ஊரில், அதற்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடுகிறது.

அப்புறம் விலை. சில பவுண்டுக்குக் கிடைத்த கட்டு பல மடங்கு ஏறியது. விமானத்தில் வந்த பச்சை இலைக்குப் பதிலாகக் காய்ந்த இலை தபால் பார்சலில் வரத் தொடங்கியது. காய்ந்தது வாடிப்போகும் என்ற கவலை இல்லை, கடத்த வசதி. விலை ஏறியதில் விட்டவர்கள் உண்டு. அது தடையின் உண்மையான லாபம். விடமுடியாதவர் வீட்டில், முன்பு போன காசைவிட அதிகக் காசு போகிறது. தடை யாருக்காகக் கேட்கப்பட்டதோ அந்தப் பெண்ணின் கையிலிருந்துதான் அது போகிறது.

மஃப்ரிஷ்கள் மூடியதையும் சொல்ல வேண்டும். புகையும் குப்பையுமாக இருந்த இடங்கள்தான். ஆனால் ஆங்கிலம் சரளமாக வராத, வேலை இல்லாத, வயதான ஆண்களுக்குத் தங்கள் மொழியில் பேச இருந்த இடம் அது. அவர்களைத் தேடி ஒரு செவிலியரோ சமூகப் பணியாளரோ போக நினைத்தால், போய் நிற்கத் தெரிந்த கதவும் அதுதான்.

பழைய தடைகளையும் பார்க்கலாம். இன்றைய ஏமனில் இருக்கும், அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஏடனில் 1957-ல் காத்தைத் தடை செய்தார்கள். மெல்லுகிறவர்கள் எல்லை தாண்டி லஹேஜ் பக்கம் போய் மென்றுவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டே தடையை எடுத்தார்கள். சோமாலியாவில் ராணுவ ஆட்சியாளர் சியாத் பாரே 1983-ல் போட்ட தடை இன்னும் கசப்பானது. வடக்கில் காத் பயிரிட்டு வாழ்ந்த குடும்பங்களின் தோட்டங்கள் அழிக்கப்பட்டன. தெற்கில் இருந்த அரசு தங்கள் பிழைப்பை ஒடிக்கத்தான் இதைச் செய்தது என்று வடக்கத்தி மக்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்போது அங்கே அரசுக்கு எதிரான கிளர்ச்சி வளர்ந்துகொண்டிருந்தது. உடல்நலத்தின் பெயரில் வரும் சட்டம் ஒரு சாராரைத் தண்டிக்கும் கருவியாக முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

## விட்டுவிடுவது

தடையின் குறைகளைப் படித்துவிட்டு, "சரி, அப்படியே விட்டுவிடலாம்" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஏமனைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது.

ஏமனில் 2000-களின் நடுவில் எடுத்த கணக்கெடுப்பில் ஆண்களில் 72 சதவீதம் பேரும் பெண்களில் 33 சதவீதம் பேரும் மெல்லுவதாகச் சொன்னார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் நாடு உட்கார்ந்துவிடும். கல்யாணப் பேச்சு, வழக்குத் தீர்ப்பு, அரசியல் எல்லாம் அந்த மாலைக் கூடத்தில்தான். அழகான பக்கமும் அதற்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாசன நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு மரம் குடிக்கிறது. குடிநீருக்கே தவிக்கும் சனா நகரைச் சுற்றி, ஆழ்துளைக் கிணறு இறக்கி இறக்கிக் காத் வளர்க்கிறார்கள். விவசாயியைக் குறை சொல்ல முடியாது. வாராவாரம் காசு கொடுக்கிற பயிர், சண்டைக்கு நடுவிலும் விற்கிற பயிர் அவருக்கு வேறு எது?

ஜிபூட்டியில் எத்தியோப்பியாவிலிருந்து தினமும் இலை வந்து இறங்குகிறது. அது வரும் மதிய நேரத்தைச் சுற்றித்தான் ஊரின் நாள் ஓடுகிறது. சோமாலியாவிலிருந்து பிரிந்து தனி அரசு நடத்தும் சோமாலிலாந்தில் இலை மீதான வரி அரசு வருவாயில் கணிசமான பங்கு. இதுதான் இந்த வழியின் மறைந்த செலவு: மெல்லுகிறவருக்கு மட்டுமல்ல, கஜானாவுக்கும் பழக்கமாகிவிடும். வரியில் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய அரசு, இலையைக் குறைக்கச் சொல்லித் தன் மக்களிடம் மனமார எப்படிப் பேசும்?

பிரிட்டனில் தடைக்கு முன் நடந்ததும் விட்டுவிடுதல்தான். வரி மட்டும் வாங்கினார்கள். எந்த வயதுப் பையனுக்கு விற்கலாம், கூடம் எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. சோமாலிப் பெண்கள் நேராகத் தடை என்று கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கண்டுகொள்ளாத அரசிடம் சின்னதாக எதைக் கேட்பது?

## வரம்பு கட்டுவது

இதில் பல வகை உண்டு. தென் ஏமன் 1970-களில் காத்தை வார விடுமுறை நாட்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. வேலை நாள் வேலைக்கு, மெல்லுவது விடுமுறைக்கு. 1990-ல் இரண்டு ஏமன்களும் இணைந்த பிறகு அந்தப் பழக்கம் கரைந்துபோனது. கனடாவில் 1997 முதல் இறக்குமதியும் விற்பனையும் குற்றம். கையில் வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. மெல்லுகிறவர் சிறைக்குப் போகாமல் காப்பாற்றுகிறது, ஆனால் இலை கடத்தலில்தான் வர முடியும். இஸ்ரேலில் ஏமனிலிருந்து வந்த யூதர்கள் இலை மெல்லத் தடையில்லை. காத்தினோனைச் செறிவாக்கி மாத்திரையாக விற்றால் தடை. இந்தக் கோடு எனக்குப் பிடித்திருக்கிறது. இலைக்கும் மாத்திரைக்கும் உள்ள தூரம் பெரியது. பழைய மரபைத் தொடாமல் புதிய ஆபத்தை மட்டும் வெட்டுகிறது.

கென்யாவில் இப்போது நடப்பது இன்னொரு வகை. 2016-ல் சட்டத் திருத்தம் செய்து மிராவை அரசு அங்கீகரித்த பணப்பயிர்களில் சேர்த்தார்கள். 2024 மே மாதம் மொம்பாசா மாவட்ட ஆளுநர், முகுகா எனப்படும் மலிவான வகை தங்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சொல்லி அதை உள்ளே விடமாட்டேன் என்றார். பக்கத்துக் கிலிஃபி மாவட்டமும் சேர்ந்துகொண்டது. முகுகா விளையும் எம்பு மாவட்டம் கொதித்தது. நீதிமன்றம் தடையை நிறுத்தி வைத்தது, அதிபர் ரூட்டோ தடை செல்லாது என்றார். விளைகிற ஊரும் மெல்லுகிற ஊரும் ஒரே நாட்டில் இருந்தபோது, இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டிய கட்டாயம் வந்தது. பிரிட்டனுக்கும் மேருவுக்கும் அப்படி ஒரு மேசை இருந்ததே இல்லை.

இந்த வழிக்கும் செலவு உண்டு. உரிமம் கொடுக்க, வயது பார்க்க, கூடத்தின் புகையைப் பார்க்க ஆள் வேண்டும். தடை என்றால் அரசுக்கு ஒரு அறிவிப்பு போதும். வரம்பு என்றால் வருடா வருடம் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்த ஆள் சோமாலி பேசத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவில் ஒட்டிய காகிதத்தோடு முடிந்துவிடும். லஞ்சம் பழகிய நாட்டில் உரிமம் என்பதே ஒரு வசூலாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

## எந்த இடத்துக்கு எது

நான் எந்தப் பக்கம் என்று மறைக்கப் போவதில்லை. புலம்பெயர்ந்த சிறு சமூகம் மெல்லுகிற, நிர்வாகம் ஒழுங்காக நடக்கிற நாட்டுக்கு வரம்புதான் சரி. வயது வரம்பு, கூடம் மூடும் நேரம், மாத்திரைக்கும் செறிவுக்கும் தடை, வாங்குகிற வரியில் ஒரு பங்கு அந்த மொழி பேசும் மருத்துவ உதவிக்கு. பிரிட்டன் ஆண்டுக்கு 28 லட்சம் பவுண்டு வாங்கிக்கொண்டிருந்தது. அதில் பாதியைச் சோமாலிக் குடும்பங்களுக்கான ஆலோசனைக்கும் ஆண்களின் வேலைப் பயிற்சிக்கும் கொடுத்துப் பார்த்திருந்தால், அந்தப் பெண்கள் கேட்டதற்கு ஒரு நேரான பதிலாக இருந்திருக்கும்.

தண்ணீரே பிரச்சினையாக இருக்கிற ஏமன் மாதிரி நாட்டில் மெல்லுகிறவரைப் பிடித்துப் பயனில்லை. கை வைக்க வேண்டியது கிணற்றில்: புதிய ஆழ்துளைக்கு வரம்பு, மாற்றுப் பயிருக்குச் சந்தை. விட்டுவிடுவது பொருந்துகிற இடம் ஒன்றுண்டு. மேருவில் பெரியவர்கள் கூடும் சடங்கிலும் பெண் கேட்டுப் போகும்போதும் மிராக் கட்டு கொண்டு போவது மாதிரி, அளவும் நேரமும் மரபே பார்த்துக்கொள்கிற இடம். அங்கே சட்டம் நுழைந்து எதையும் சரிசெய்யப் போவதில்லை.

முழுத் தடை பொருந்துகிற இடம் எது? அந்தச் சமூகமே பெரும்பான்மையாகக் கேட்க வேண்டும். எல்லையை உண்மையாகவே காக்க முடிய வேண்டும். சோமாலியா 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக விமானங்களை நிறுத்தியபோது கென்ய மிராவும் நின்றது. அரசு 2022 ஜூலையில்தான் திரும்ப விட்டது. இரண்டு வருடத்துக்கும் மேலான அந்தக் காலத்திலும் கடல் வழியாகவும் தரை வழியாகவும் இலை வந்துகொண்டிருந்தது, ஏழைக்கு எட்டாத விலையில். மேருவில் விலை சரிந்தது.

தடை என்றே முடிவானால், அறிவிக்கும் நாளுக்கும் அமலாகும் நாளுக்கும் நடுவில் எவ்வளவு காலம் என்று பாருங்கள். பிரிட்டன் கொடுத்தது ஒரு வருடத்துக்கும் குறைவு. மேருவில் பாட்டன் நட்ட மிரா மரத்தில் பேரன் இலை பறிக்கிறான். அந்த நிலத்தில் அவன் காபிக்கு மாற நினைத்தால், கன்று வைத்து முதல் விளைச்சல் எடுக்க மூன்று நான்கு வருடம் ஆகும்.